காசு நமது, கைப்பேசி யாருடையது?

(பாறசாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ரயில் டிக்கெட் செயலியைப் போட்டுத் தரச் சொல்லி என் கவுண்டரில் கைப்பேசியை நீட்டுகிறவர்கள் பலர். 'இடமில்லை' என்று வரும். உடனே ஊரிலிருக்கும் பேத்தியின் படங்களை ஒவ்வொன்றாக அழிப்பார்கள். கம்பெனிக்காரன் போட்டு அனுப்பிய செயலிகளோ அப்படியே இருக்கும். அவற்றில் பலவற்றை முடக்கலாம், நீக்க முடியாது. தவணை கட்டுகிறவர் நாம், அதிகாரம் அவனுக்கு!

இதற்கு வழக்கே நடந்தது. 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டது. அதன் செயலிகளை நீக்க விடவேண்டும், பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து செயலி நிறுவுவதைத் தடுக்கக் கூடாது என்றும் உத்தரவிட்டது. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதி செய்தது; இந்த இரண்டு உத்தரவுகளையும் ரத்துச் செய்தது. அபராதம் கஜானாவுக்கு. நமக்கு?

2025 ஆகஸ்டில் கூகுள் இன்னொன்று சொன்னது. செயலி எழுதுகிறவர் அடையாளச் சான்று கொடுத்துத் தன்னிடம் பதிவு செய்யவேண்டும். இல்லையேல், எங்கிருந்து எடுத்தாலும் அது கைப்பேசியில் ஏறாது. 2026 செப்டம்பரில் பிரேசில் முதலிய நான்கு நாடுகள், 2027 முதல் மற்ற நாடுகள் என்பது திட்டம். எதிர்ப்புக் கிளம்பியதும், விவரம் தெரிந்தவர்களுக்கு ஒரு வழி விடுகிறோம் என்று நவம்பரில் இறங்கி வந்தது. மோசடியைத் தடுக்கத்தானாம். கடன் செயலியில் சிக்கிச் சீரழிந்தவர்களை நாமும் அறிவோம். எச்சரிக்கட்டும்; ஆனால் வாசலில் நின்று எச்சரிப்பது வேறு, பூட்டிச் சாவியைக் கொண்டுபோவது வேறு.

அரசும் இளைத்ததல்ல. 2025 நவம்பர் இறுதியில், சஞ்சார் சாத்தி செயலியைப் போட்டுத்தான் புதிய கைப்பேசி விற்கவேண்டும் என்றது தொலைத்தொடர்புத் துறை. நாடெங்கும் கண்டனம் எழுந்தது. டிசம்பர் 3ஆம் தேதி கட்டாயம் வாபஸ்!

வேறு வழியே இல்லையா? நம் பிள்ளைகள் படிக்கும் அரசுப் பள்ளிக் கணினியைப் பாருங்கள். 2001இல் ரிச்சர்டு ஸ்டால்மன் திருவனந்தபுரம் வந்து தொடங்கிவைத்த கட்டற்ற மென்பொருள் இயக்கம் பள்ளிக்கூடம் வரை வந்திருக்கிறது. அந்த மென்பொருளைப் பிரதி எடுக்கலாம், வீட்டில் போடலாம், மாற்றலாம், யாரும் கேட்கமாட்டார்கள். கணினியில் ஆகிற காரியம் கைப்பேசியில் ஏன் ஆகாது?

அடுத்த கூட்டத்துக்கு எல்லோரும் கைப்பேசியோடு வாருங்கள். எதை நீக்க முடிகிறது, எதை முடியவில்லை என்று எழுதி, கையெழுத்திட்டுப் போட்டி ஆணையத்துக்கு அனுப்புவோம். எழுதத் தெரிந்த பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள்.