பழஞ்சாயம் சுரண்டுவோர் கவனத்திற்கு

(தொழிற்சங்கக் கிளைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பால்மரம் வெட்டுவோரும் கிராணிமார்களும் கூடியிருக்கும் இடத்தில் வீட்டுச் சாயத்தைப் பற்றி என்ன பேச்சு என்று நீங்கள் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது நம்மவர் பலர் பட்டணம் போனார்கள். அவர்களில் சிலர் இன்று கண்டிராக்டர்களிடம் சாயவேலை செய்கிறார்கள். தோட்டத்தில் இருப்பவர்களும் ஓய்வு நாளில் அந்த வேலைக்குப் போவதுண்டு. பழைய வீட்டைப் புதுப்பிக்கும்போது முதலில் நம் கையில் கொடுப்பது சுரண்டும் தகடு. ஆகவே இது நம் விஷயம்.

பழைய எண்ணெய்ச் சாயங்கள் பலவற்றில் காரீயம் கலந்திருந்தது. பேராக்கில் தோண்டியெடுத்த ஈயமும், பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசும் ஈயமும் வெள்ளீயம், அது வேறு. இது காரீயம், இது விஷம். சாயம் சீக்கிரம் காயவும் நெடுநாள் உழைக்கவும் இதைச் சேர்த்தார்கள். கதவு, ஜன்னல், படிக்கட்டுக் கைப்பிடி, இரும்புக் கிராதி ஆகியவற்றில் இது இருக்கக்கூடும். பெயராமல் ஒட்டியிருக்கும்வரை பெரும் தொல்லையில்லை. உலர்ந்தபடியே சுரண்டினாலும், மெஷின் வைத்துத் தேய்த்தாலும், நெருப்பால் சுட்டு உரித்தாலும், தூசியாகவும் புகையாகவும் நம் உடம்புக்குள் போய்விடும்.

உள்ளே போன காரீயம் எலும்பில் தங்கிப் பல ஆண்டு கிடக்கும். பெரியவர்களுக்கு வயிற்றுவலி, இரத்தச்சோகை, இரத்த அழுத்தம், சிறுநீரகக் கேடு வரும். கர்ப்பிணியின் உடம்பிலிருந்து வயிற்றுப் பிள்ளைக்கும் போகும். சிறு பிள்ளைகளுக்கோ மூளை வளர்ச்சியே கெடும். இந்த அளவு வரை பாதகமில்லை என்று சொல்லத்தக்க அளவே கிடையாது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். வேலை செய்த சட்டையோடு வீடு திரும்பிப் பிள்ளையைத் தூக்குகிற தகப்பன், அந்தத் தூசியையும் சேர்த்தே கொடுக்கிறான்.

தோழர்களே, இது புதிய சங்கதியல்ல. 1904இல் ஆஸ்திரேலியாவின் குவின்ஸ்லாந்தில் கிப்சன் என்ற டாக்டர், வராந்தாக் கிராதிச் சாயமே பிள்ளைகளின் நோய்க்குக் காரணம் என்று எடுத்துச் சொன்னார். 1921இல் ஜெனிவாவில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மாநாடு, கட்டடங்களின் உட்புறத்தில் வெள்ளைக் காரீயச் சாயம் பூசுவதைத் தடுக்க ஓர் உடன்படிக்கை செய்தது. உலர்ந்த சாயத்தைச் சுரண்டும் தூசியிலிருந்து காப்பு வேண்டும், கைகால் கழுவ வசதி வேண்டும், வேலைக்கென்று மேலுடை வேண்டும் என்றும் அதில் எழுதியிருக்கிறது. நூறு வருஷம் கடந்துவிட்டது!

அமெரிக்காவில் 1978இல் வீட்டுச் சாயத்தில் காரீயத்தைத் தடை செய்தார்கள். ஆனால் முன்பு பூசியது வீடுகளிலேயே இருந்தது. ஆகவே 2010 ஏப்ரல் முதல், 1978க்கு முன் கட்டிய வீடுகளில் கூலிக்கு வேலை செய்யும் கண்டிராக்டர் சான்று பெற வேண்டும் என்று சட்டம் அமலுக்கு வந்தது. அவருடைய ஆள் ஒருவர் 8 மணி நேரப் பயிற்சி பெற்று, மற்ற வேலையாட்களுக்கு வேலையிடத்திலேயே கற்றுக்கொடுக்க வேண்டும்.

அங்கே கற்பிப்பது பெரிய வித்தையல்ல. பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் வேலையிடத்துக்கு வரவிடாதே. சாமான்களை அப்புறப்படுத்து. வேலை செய்யும் இடத்தைச் சுற்றி 6 அடிக்குத் தரையில் பிளாஸ்டிக் விரி. சாயத்தை நனைத்துச் சுரண்டு; நெருப்புக் காட்டாதே. உலர்ந்த துடைப்பத்தால் கூட்டாதே. நுண்தூசியைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள இயந்திரத்தால் உறிஞ்சு. கடைசியில் ஈரமான வெள்ளைத் துணியால் தரையைத் துடைத்து, அதை மாதிரி அட்டையோடு ஒப்பிட்டுப் பார். அட்டையைவிட அழுக்காயிருந்தால் மறுபடியும் சுத்தம் செய். முகத்தில் கட்டும் கைக்குட்டை இந்தத் தூசியைத் தடுக்காது. அதற்குரிய முகமூடி வேண்டும். கை கழுவாமல் சாப்பிடாதே, சிகரெட் தொடாதே. வேலைத் துணியைத் தனியே துவை.

அது அமெரிக்கச் சட்டம், நமக்கென்ன என்று கண்டிராக்டர் கேட்கலாம். நம் நாட்டில் 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் இருக்கிறது. வேலையாளுக்கு வேண்டிய விவரமும் பயிற்சியும் கொடுப்பது முதலாளியின் கடமை என்கிறது 15ஆம் பிரிவு. அந்தச் சட்டப்படி கொடுக்கும் சாதனத்துக்குத் தொழிலாளியிடம் காசு பிடிக்கக்கூடாது என்கிறது 26ஆம் பிரிவு. பாதுகாப்பைப் பற்றிப் புகார் செய்தவனை அதற்காக வேலையிலிருந்து நீக்கக்கூடாது என்கிறது 27ஆம் பிரிவு.

நாம் கேட்பது இதுதான். பயிற்சி என்பது கண்டிராக்டர் ஆபீஸ் சுவரில் மாட்டுகிற காகிதமாக நின்றுவிடக்கூடாது. தகடு பிடிக்கிற கைக்கு அது வர வேண்டும். பயிற்சி நேரத்துக்கும், நனைத்துச் சுரண்டுவதால் கூடும் நேரத்துக்கும் கூலி வேண்டும். சதுர அடிக் கணக்கில் கூலி பேசிவிட்டு, மெதுவாகச் செய் என்று புத்தி சொல்வது வெறும் பேச்சு. புல்லுக்கு மருந்தடித்த நம் தாய்மார்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

கிராணிமார்களே, நீங்கள் எழுதப் படிக்க உதவுகிறவர்கள். வீடு எந்த வருஷம் கட்டியது, முகமூடி யார் செலவு, பயிற்சி உண்டா, இந்த மூன்றையும் வேலைக்குப் போகுமுன் கேட்டுக் குறித்துக்கொடுங்கள். பதில் வராவிட்டால் சங்கத்துக்கு எழுதுங்கள்.

தோழர்களே, சுரண்டலை எதிர்த்து வளர்ந்தது நம் சங்கம். சாயம் சுரண்டப் போகிற தோழனையும் அது காக்க வேண்டும்.