நடக்க ஒரு இடம் வேணும்
(தம்பதியர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைக்கு மாத்திரை பற்றியோ ஊசி பற்றியோ பேச வரவில்லை. கணவனும் மனைவியுமாக வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் உங்கள் இரண்டு பேரையும் பார்த்து ஒரு கேள்வி. கடைசியாக எப்போது உடம்பு வேர்க்க நடந்தீர்கள்? பஸ்ஸைப் பிடிக்க ஓடியது கணக்கில் சேராது.

சிரிக்கிறீர்கள். போன மாதம் எண்ணூருக்கு வடக்கே ஒரு கிராமத்தில் இதே கேள்வியைக் கேட்டேன். ஆண்கள் பக்கத்தில் ஒருவர் எழுந்து, "டாக்டர் சொன்னாருங்க, நான் தினம் காலையில ஸ்டேஷன் ரோட்டுல நடக்கறேன்" என்றார். உடனே அவர் சம்சாரம் பெண்கள் பக்கத்திலிருந்து, "நீங்க நடக்கறீங்க. எனக்கும்தான் சர்க்கரைனு சொன்னாங்க. நான் எங்கே போய் நடக்கறது? அந்த லாரி ரோட்டுலயா?" என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. அந்த அம்மா சிரிக்கவில்லை. அவர் கேட்ட கேள்விதான் இன்றைய பேச்சு.

நம் பக்கத்து ஜனங்கள் உழைப்புக்கு அஞ்சாதவர்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கினார்கள், கட்டுமரம் தள்ளினார்கள், மீஞ்சூரிலிருந்தும் அத்திப்பட்டிலிருந்தும் சைக்கிள் மிதித்து திருவொற்றியூர் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். தனியாக தேகப்பயிற்சி என்று ஒன்று அவர்களுக்குத் தேவைப்படவில்லை. 1983-ல் சென்னைத் துறைமுகத்தில் கண்டெய்னர் முனையம் திறந்தார்கள். மூட்டையைக் கிரேன் தூக்க ஆரம்பித்தது. சைக்கிள் போய் பைக் வந்தது. வீட்டில் ஆட்டுக்கல் போய் கிரைண்டர் வந்தது. இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை, முதுகு தப்பித்தது. ஆனால் சாப்பாட்டு அளவு மட்டும் மூட்டை தூக்கிய காலத்து அளவாகவே நின்றுவிட்டது!

2022-ஆம் வருஷக் கணக்கின்படி நம் நாட்டில் வயது வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்குப் போதிய உடலுழைப்பு இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆண்களில் நூற்றுக்கு 42 பேர். பெண்களில் நூற்றுக்கு 57 பேர். பெண்கள் ஏன் அதிகம்? "பொம்பளைங்களுக்குச் சோம்பேறித்தனம்" என்று இங்கே யாராவது முணுமுணுத்தால் அவரை நான் மேடைக்குக் கூப்பிடுவேன். சோம்பல் காரணம் இல்லை. அவர்களுக்கு இடம் இல்லை, நேரம் இல்லை, போனால் "எங்கே போறே?" என்று கேட்காதவர்கள் இல்லை.

இடத்துக்கும் பழக்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்பதற்கு நம் சென்னையிலேயே ஓர் உதாரணம் உண்டு. திருமங்கலம் பக்கம் ஆசியாட் காலனி என்று நடுத்தர வருமானக்காரர்கள் வசிக்கும் குடியிருப்பு. 1996-ல் தொடங்கிய ஓர் ஆய்வில் டாக்டர் வி. மோகன் அவர்களின் நீரிழிவு ஆராய்ச்சிக் குழுவினர் அங்கே வீடு வீடாகப் போய் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை வியாதி நிறைய இருந்தது. வாரத்தில் மூன்று நாளுக்கு மேல் நடப்பவர்கள் நூற்றுக்கு 14 பேர்தான். நடந்தால் என்ன நன்மை என்று குழுவினர் கூட்டம் போட்டுச் சொன்னார்கள். கேட்டுவிட்டு ஜனங்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? தங்களுக்குள்ளேயே பணம் திரட்டி காலனிக்குள் ஒரு பூங்கா கட்டிக்கொண்டார்கள். ஏழு வருஷம் கழித்து மறுபடி கணக்கெடுத்தபோது நடப்பவர்கள் நூற்றுக்கு 58 பேருக்கு மேல்.

அதே ஆய்வில் தியாகராய நகரில் குறைந்த வருமானக்காரர் பகுதி ஒன்றும் இருந்தது. அங்கே ஆரம்பத்தில் நீரிழிவு நூற்றுக்கு 6, 7 பேருக்குத்தான். பத்து வருஷத்தில் 15 பேருக்கு மேல் ஆகிவிட்டது. காலனியில் 12-லிருந்து 15 ஆனதோடு நின்றது. பூங்கா ஒன்றே இதற்குக் காரணம் என்று சொல்லமாட்டேன். சாப்பாடும் வேலையும் மாறியதும் சேர்ந்திருக்கும். ஆனாலும் "சர்க்கரை பணக்கார வியாதி" என்று நாம் சொல்லிக்கொண்டிருந்தது போயிற்று. நடக்க இடமில்லாத ஏழைக்கும் அது வருகிறது.

இன்னொன்று நம் வடசென்னை விஷயம். இராயபுரம், காசிமேடு, வண்ணாரப்பேட்டை பக்கம் தெருவுக்குத் தெரு கசரத்து எடுக்கிற இடங்கள் இருந்ததைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். கர்லாக்கட்டை, தண்டால், பஸ்கி. குத்துச்சண்டையில் சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று பிரிந்து நின்று மோதினார்கள். பகல் பூராவும் துறைமுகத்தில் உழைத்தவன் சாயங்காலம் மறுபடி அங்கே போவானேன்? பெரிய கட்டிடமோ வெளிநாட்டு மெஷினோ அங்கே கிடையாது. இடம் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. கூட்டாளிகள் வந்தார்கள். ஒரு நாள் போகாவிட்டால் வாத்தியார், "ஏண்டா நேத்து வரலே?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பயந்தே அநேகர் போனார்கள். கல்யாணம் ஆனதும் பலர் நின்றும் போனார்கள், அதையும் சொல்லவேண்டும். அந்த இடங்களில் பெண்களுக்கு இடமே இல்லை, அதையும்தான்.

பெண்கள் தாராளமாக நடந்த இடம் ஒன்று உண்டென்றால் அது கோயில். திருவொற்றியூர் தியாகராஜசுவாமி கோயில் மாடவீதியில் விடியற்காலையில் நின்று பாருங்கள். சுற்றி நடக்கிற பெண்ணை யாரும் நிறுத்தி விசாரிப்பதில்லை. சுவாமி பார்க்கிறாள் என்று விட்டுவிடுகிறார்கள். பௌர்ணமி வெள்ளிக்கிழமைகளில் மேலூர் அம்மன், வடிவுடையம்மன், திருமுல்லைவாயில் கொடியிடையம்மன் மூவரையும் ஒரே நாளில் தரிசிக்கும் வழக்கம் நம் தாய்மார்களுக்குத் தெரியும். இப்போது வேன் வைத்துப் போய் வருகிறோம். கோயிலுக்குள்ளாவது நாலு சுற்று வேகமாகச் சுற்றுங்கள், அம்மன் கோபிக்கமாட்டாள்.

அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. 2016-ல் ஊராட்சிகளில் பூங்காவும் உடற்பயிற்சிக் கூடமும் அமைக்க அறிவிப்பு வந்தது. 2023 நவம்பர் 4-ல் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்ற திட்டம் தொடங்கி, 38 மாவட்டத்திலும் 8 கிலோமீட்டர் நடைபாதை குறித்தார்கள். நல்ல காரியம். ஆனால் கூடம் கட்டியும் பூட்டுத் தொங்குகிற ஊர்களும், கருவி துருப்பிடித்த ஊர்களும் உண்டு என்று பத்திரிகையில் படிக்கிறோம். சாவி யாரிடம் என்று தெரியாத கூடத்தால் யாருக்கு என்ன பிரயோஜனம்? எட்டு கிலோமீட்டர் பாதையும் பஸ் ஏறிப் போகவேண்டிய தூரத்தில் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போட்டோ எடுத்துக்கொள்ளத்தான் உதவும். வீட்டிலிருந்து ஐந்து பத்து நிமிஷத்தில் போகக்கூடிய இடம், அது பள்ளிக்கூட மைதானமாக இருந்தாலும் ஏரிக்கரையாக இருந்தாலும், அதுதான் பழக்கமாகும். வெளிச்சம் இருக்கவேண்டும். குழந்தை பக்கத்திலேயே விளையாட முடிந்தால் தாய் வருவாள்.

எவ்வளவு நடக்கவேண்டும்? பெரியவர்களுக்கு வாரத்தில் 150 நிமிஷம், அதாவது நாளைக்கு அரை மணி வீதம் ஐந்து நாள். பேச முடியவேண்டும், பாட்டுப் பாட முடியக்கூடாது, அந்த வேகம். வாரம் இரண்டு நாள் தசைக்கு வேலை: உட்கார்ந்து எழுவது, பாரம் தூக்குவது. சிக்கல் இல்லாத கர்ப்பிணிகளும் நடக்கலாம், நடக்கவும் வேண்டும். காசிமேட்டிலிருந்து மீன் கூடை சுமந்து தெருத்தெருவாகப் போகிற அம்மாவுக்கும், முகத்துவாரத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று இறால் பிடிக்கிற அம்மாவுக்கும் இந்தப் புத்திமதி வேண்டாம். அவர்களுக்கு வேண்டியது ஓய்வு.

குடும்பநல ஆபரேஷன் செய்துகொண்ட ஆண்கள் "தெம்பு போயிடும், இனிமே பாரம் தூக்க முடியாது" என்று நினைப்பதை இன்னும் கேட்கிறேன். அது தப்பு. டாக்டர் சொன்ன ஓய்வு நாட்கள் முடிந்ததும் முன்போல எல்லா வேலையும், எல்லாக் கசரத்தும் செய்யலாம்.

இப்போது அந்த லாரி ரோட்டு அம்மாவிடம் திரும்புவோம். அவரிடம் விசாரித்தேன். ஊர்ப் பள்ளிக்கூடத்து மைதானம் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். காலை எட்டரைக்குத்தான் கேட் திறக்கிறார்கள். காலையில் அடுப்பு, டிபன் கட்டுவது, பிள்ளைகளைக் கிளப்புவது எல்லாம் அவர் தலையில். ஆக, இரண்டு பூட்டு. மைதானத்துப் பூட்டை ஊர் திறக்கவேண்டும். கிராமசபை கூடும்போது எழுந்து கேளுங்கள்: கேட்டை காலை ஐந்தரைக்குத் திறக்கவேண்டும், ஒரு விளக்குப் போடவேண்டும், பெண்களுக்கென்று ஒரு மணி நேரம் ஒதுக்கவேண்டும். தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லிப் பார்த்துவிட்டு வாருங்கள். பத்துப் பெண்கள் சேர்ந்து போய்க் கேட்டால் தலைவர் தட்டமாட்டார்.

வீட்டுப் பூட்டு கணவர் கையில் இருக்கிறது. ஐயா, வாரத்தில் மூன்று நாள் நீங்கள் டீ போட்டு, பிள்ளைக்குத் தலை வாரி விடுங்கள். மூன்று நாள் சம்சாரம் நடக்கட்டும், மற்ற மூன்று நாள் நீங்கள். பிள்ளைகள் கொஞ்சம் வளர்ந்திருந்தால் இரண்டு பேருமே சேர்ந்து போகலாம். போகாத நாளில் பழைய வாத்தியார் மாதிரி, "ஏன் இன்னிக்குப் போகலே?" என்று ஒருவரை ஒருவர் கேளுங்கள். திட்டுகிற குரலில் அல்ல.

ரசாயன வாடை அடிக்கிற காலையில் வெளியே நடக்கவேண்டாம், வீட்டுக்குள்ளேயே நடங்கள். 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், தலைசுற்றல் வந்தால் உடனே நின்று, தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இருதய நோய் உள்ளவர்களும், சர்க்கரைக்கு ஊசி போடுகிறவர்களும் டாக்டரைக் கேட்டு ஆரம்பியுங்கள்.

வெளியே வேப்பமரத்தடியில் நர்ஸம்மா மேஜை போட்டிருக்கிறார். இரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் இலவசமாகப் பார்க்கிறார். ஜோடியாகப் போய் இரண்டு பேருமே பார்த்துக்கொள்ளுங்கள். பெண்கள் முதலில்.