புல்மோட்டை மணலும் அணுக்கருவின் வடிவமும்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



அணு என்றதும் ஹிரோஷிமாவை நினைந்து அஞ்சுகின்றோம். வைத்தியசாலையில் அணுமருத்துவச் சோதனை என்றால் ஊசிக்குக் கைநீட்ட மறுக்கும் முதியோரும் நம்மிடையே உளர். அந்த ஊசியில் இருப்பது யாதெனக் கூறவே வந்துள்ளோம்.

நமது கிழக்கு மாகாணத்துப் புல்மோட்டைக் கடற்கரை மணலில் சிர்க்கோன் என்னும் கனியம் உண்டு. அதிலுள்ள சிர்க்கோனியத்தின் அணுக்கரு ஒவ்வொன்றிலும் 40 புரோத்தன்கள். பாதிக்கு மேற்பட்ட கருக்களில் நியூத்திரன்கள் 50. அவை தோடம்பழம்போல் உருண்டையானவை. ஆய்வுகூடங்களில் நியூத்திரன் மிகுந்த சிர்க்கோனியத்தையும் ஆக்கிப் பார்த்தனர். நியூத்திரன் 58 ஆகும்வரை கரு ஏறத்தாழ உருண்டையே. 60 ஆனதும் பப்பாசிப்பழம்போல் நீண்டுவிடுகின்றது! சிறிது சிறிதாக அன்று, ஒரே பாய்ச்சலில். உருண்டை வடிவும் நீள்வடிவும் சத்தியிலே அருகருகே நின்று போட்டியிட, அவ்விரு நியூத்திரன்களே தராசைச் சாய்க்கின்றன. கருக்களின் நீள்வடிவை விளக்கிய ஆகே போர், மொட்டல்சன், ரெயின்வாட்டர் மூவரும் 1975இல் நோபல் பரிசு பெற்றனர். நம் முன்னோர் அணுவைப் பாடியதுண்டு, மெய்தான். வடிவத்தை அளந்தது இக்காலக் கருவியே.

சிர்க்கோனுடன் ஹாப்னியமும் ஒட்டியே வரும். நிறை 178 உடைய ஹாப்னியக் கரு நீள்வடிவினது. அதற்குச் சத்தியூட்டி அருட்டினால், சாதாரணமாக ஒரு செக்கனின் இலட்சம் கோடியில் ஒரு பங்கு போன்ற நொடிப்பொழுதில் தணிந்துவிடும். ஆயின் ஒரு நிலை மட்டும் 31 ஆண்டு அரைவாழ்வுடையது. அதன் சுழற்சி முழுவதும் நீளச்சு வழியே திரண்டிருப்பதால், தணிய வேண்டுமாயின் சுழற்சியின் திசையையே திருப்ப வேண்டும். இயற்கை அதற்கு எளிதில் இடங்கொடாது. பல் வைத்தியரின் எக்ஸ்-கதிர்க் கருவியால் இச்சத்தியை உடனே வெளியேற்றலாமென 1999இல் அமெரிக்காவில் ஒரு குழுவினர் அறிவிக்க, ஆயுதக் கனவு கண்டோர் பலர். 2001இல் ஆர்கோன் ஆய்வுகூடத்தார் சோதித்தபோது அப்படியொன்றும் நிகழவில்லை.

இனி ஊசிக்கு வருவோம். யுரேனியம் பிளவுறும்போது கிடைக்கும் நியூத்திரன் மிகுந்த துண்டுகளில் ஒன்று மொலிப்தினம் 99. அது சிதைந்து தெக்னீசியம் 99 ஆகும்போது, பெரும்பாலும் அருட்டப்பட்ட நிலையிலேயே பிறக்கின்றது. அங்கும் சுழற்சி வேற்றுமையே தடை. அரைவாழ்வு 6 மணித்தியாலம். தணியும்போது எழும் காமாக் கதிரைக் கொண்டே எலும்பையும் இருதயத்தையும் படம்பிடிக்கின்றனர். நொடியில் தணிவதாயின் படமெடுக்க முடியாது. ஆண்டுக்கணக்கில் நீடிப்பதாயின் உடலுக்குக் கேடு. பேராதனை மருத்துவ பீடத்திலும் அணுமருத்துவப் பிரிவொன்று உண்டு. காலையில் ஊசியேற்றிய பெரியவரின் உடலில், மறுநாட் காலையில் அந்த அருட்டப்பட்ட கருக்களில் பதினாறில் ஒரு பங்குகூட எஞ்சியிராது.