கல்விக் கழகங்கள் வளரும் வழி
(வெள்ளி விழாப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

நம் கழகம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்திருக்கும் இந்நன்னாளில் வாழ்த்துரை வழங்குமாறு செயலாளர் என்னைப் பணித்தார். வாழ்த்தை மட்டும் கூறி அமர்ந்துவிட என் மனம் ஒப்பவில்லை. இன்று காலை நடைபெற்ற பொதுக்குழுவில் இளைஞர்கள் ஒரு தீர்மானத்தைக் கொண்டு வந்தார்கள். “மாலை வகுப்பும் மாணவர் விடுதியும் போதா, நமக்கென்று ஒரு பள்ளி வேண்டும், பின்னர் வட்டத்திற்கு ஒன்றாக அது வளர வேண்டும்” என்பது அத்தீர்மானம். முடிவு அடுத்த கூட்டத்திற்குத் தள்ளி வைக்கப்பட்டுள்ளது. ஆகவே, ஒரு கல்விக் கழகம் எவ்வாறு வளர்கிறது, அதன் பணி நன்று என்பதை எதைக் கொண்டு அளப்பது, மக்கள் ஆதரவை அது எவ்வாறு பெறுகிறது என்னும் மூன்று கேள்விகளை இம்மன்றத்தின் முன் வைக்க விரும்புகிறேன்.

நாம் எங்கிருந்து புறப்பட்டோம் என்பதை இளைஞர்கள் அறிய வேண்டும். இத்தஞ்சைத் தரணியில் நெல் விளைந்தது. விளைவித்தவன் வீட்டில் எழுத்து விளையவில்லை. 1952-ஆம் ஆண்டில் பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம் வரும்வரை, பண்ணையாளின் கூலிக்கும் வேலைக்கும் மிராசுதாரர் சொல்லே சட்டமாக இருந்தது. 1968 திசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 உயிர்கள் ஒரு குடிசையில் தீக்கிரையாயின. கூலியாகக் கூடுதல் நெல் கேட்ட மக்களுக்கு நேர்ந்த கதி அது. அத்தகைய மண்ணில் ஒரு சிறுவன் பலகையும் கையுமாகப் பள்ளிக்குச் செல்வது எளிய செயலன்று. நான் படித்த நாளில், நடவு தொடங்கியதும் எங்கள் தெருப் பிள்ளைகளின் பெயருக்கு நேரே வருகைப் பதிவேடு வெறுமையாகிவிடும். அறுவடையிலும் அவ்வாறே. ஓர் ஆசிரியர் மட்டும் வாய்க்காலைத் தாண்டி எங்கள் தெருவுக்கு வந்து, பெயர் சொல்லி அழைத்துச் செல்வார். அவர் வந்திராவிட்டால் நான் இம்மேடையில் நின்றிருக்க மாட்டேன்.

கொள்ளிடத்திற்கு அக்கரையில், நமக்கு மிக அண்மையில், நாம் கண் முன் வைக்க வேண்டிய ஒரு முன்னோடி இருக்கிறது. ஆரணிக்கு அருகிலுள்ள மேல்புதுப்பாக்கத்தில் 1890-இல் பிறந்த முனுசாமி என்னும் இளைஞர், துறவு பூண்டு, சகஜானந்தர் என்னும் பெயருடன் 1910-ஆம் ஆண்டளவில் சிதம்பரம் வந்து சேர்ந்தார். கொள்ளிடக் கரையின் ஆதனூரிலிருந்து தில்லையை நாடிய நந்தனாரின் பெயரால் மடம் அமைத்தார். 1916-இல் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். நந்தனுக்குக் கதவு திறவாத ஊரிலேயே நந்தன் பெயரால் பள்ளிக் கதவைத் திறந்தது எவ்வளவு பெரிய செயல் என்பதை எண்ணிப் பாருங்கள்.

சுவாமிகளின் கழகம் வளர்ந்த முறையில் நாம் கற்க வேண்டியவை உள. முதலாவது, அவர் பள்ளியோடு நிறுத்தவில்லை. தொலைவிலிருந்து வரும் பிள்ளைக்குச் சோறும் தங்குமிடமும் இல்லையேல் பள்ளி பயன்படாது என்பதை உணர்ந்து விடுதியையும் உடன் நடத்தினார். இரண்டாவது, சட்டமன்றத்தில் நெடுங்காலம் உறுப்பினராக வீற்றிருந்து நம் மக்களின் குறைகளை அங்கே எடுத்துரைத்தார். பள்ளிக்குள் செய்யும் பணியும் ஆட்சி மன்றத்தில் எழுப்பும் குரலும் அவருக்கு வேறுவேறாக இருக்கவில்லை. 1959 மே முதல் நாளில் சுவாமிகள் மறைந்தார். அவர் நட்ட மரம் சாயவில்லை. நந்தனார் பெயர் தாங்கிய மேல்நிலைப் பள்ளி இன்று அரசுப் பள்ளியாகச் சிதம்பரத்தில் நடைபெறுகிறது. நிறுவியவர் போன பின்னும் பள்ளி நிற்பதற்குப் பொது அமைப்பு ஒன்று அதனை ஏற்றுக்கொள்ள வேண்டியிருந்தது என்பதை மனத்தில் இருத்துங்கள். பின்னர் அதற்கு வருகிறேன்.

இனி, பொருள் எங்கிருந்து வரும் என்று பார்ப்போம். கல்விக் கழகங்களுக்கு மூன்று ஊற்றுகள் உண்டு: மக்கள் தரும் சிறுதொகை, செல்வர் தரும் பெருந்தொகை, அரசு தரும் உதவித்தொகை.

முதல் ஊற்றுக்கு விருதுநகரைப் பாருங்கள். 1889-இல் அவ்வூர் நாடார் சமூகத்தார் சத்திரிய வித்தியாசாலையை நிறுவினர். வணிகத்தில் மகமை பிரித்தனர். வீடுகளில் பிடி அரிசி எடுத்து வைத்தனர். உலையில் இடுமுன் ஒரு பிடி பள்ளிக்கு என்பது அவ்வேற்பாடு. பெருந்தலைவர் காமராசர் அப்பள்ளியில் பயின்றவர். ஒரு பிடி அரிசி கொடுத்த தாய், அப்பள்ளியைப் பற்றிக் கேள்வி கேட்கும் உரிமையையும் பெறுகிறாள் என்பதே அம்முறையின் உண்மையான பயன்.

மராட்டிய நாட்டில் பாவ்ராவ் பாட்டீல் 1919-இல் ரயத் கல்வி நிறுவனத்தைத் தொடங்கினார். எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே விடுதியில் உண்டு உறங்கிப் படித்தனர்; உழைத்துக்கொண்டே கற்றனர். விடுதிப் பிள்ளைகளின் உணவுக்காக அவருடைய துணைவியார் தம் தாலி நகையையும் ஈந்தார். அந்நிறுவனம் இன்று நூற்றுக்கணக்கான பள்ளிகளையும் பல கல்லூரிகளையும் நடத்துகிறது. அண்ணல் அம்பேத்கர் 1945-இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவி, 1946-இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியையும், 1950-இல் ஔரங்காபாத்தில் ஒரு கல்லூரியையும் தொடங்கினார். நம்மவர் பயிலுமிடத்தை நம்மவரே நடத்த முடியும் என்பதற்கு அதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

அரசு உதவிக்கு வருகிறேன். 1854-ஆம் ஆண்டின் கல்விச் சாசனம், தனியார் நடத்தும் பள்ளிக்கு அரசு நிதி உதவும் முறையை வகுத்தது. மிஷன் பள்ளிகளும் சமூகப் பள்ளிகளும் அதனால் வளர்ந்தன. ஆனால், இளைஞர்கள் கவனிக்க வேண்டும்: தமிழ்நாட்டில் 1991-92-ஆம் கல்வியாண்டிற்குப் பின் தோன்றிய தனியார் பள்ளிகளுக்கு அரசு ஆசிரியர் ஊதியம் தருவதில்லை. இன்று நாம் பள்ளி தொடங்கினால் மூன்றாவது ஊற்று அடைபட்டிருக்கும். எஞ்சியிருப்பவை இரண்டு: பெற்றோரிடம் கட்டணம், அல்லது செல்வரிடம் நன்கொடை. நடவுக் கூலியில் வாழும் குடும்பம் எவ்வளவு கட்டணம் செலுத்தும்? செலுத்த முடியாத பிள்ளையை நம் பள்ளியே திருப்பி அனுப்ப நேர்ந்தால், நம் கழகத்தின் பெயருக்கு என்ன பொருள்?

இக்கேள்வி உலகெங்கும் எழுந்திருக்கிறது. அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலம் 1991-இல் ஒரு சட்டம் செய்தது. பொதுப் பணத்தில், கட்டணமின்றி, ஆனால் தனி அமைப்பின் நிர்வாகத்தில் நடக்கும் பள்ளிக்கு அது வழி செய்தது. சாசனத்தில் சொன்னபடி பயன் காட்டாவிட்டால் பள்ளி மூடப்படும். அவற்றைச் சார்ட்டர் பள்ளிகள் என்பர். 1994-இல் ஹூஸ்டன் நகரில் இளம் ஆசிரியர் இருவர் ஒரே வகுப்போடு தொடங்கிய ‘கிப்’ என்னும் அமைப்புக்கு, 2000-ஆம் ஆண்டில் ஆடை வணிகம் செய்த செல்வக் குடும்பம் ஒன்று பெரும்பொருள் ஈந்தது. இன்று அது இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பள்ளிகளை நடத்துகிறது. அவற்றில் பயில்வோரில் மிகப் பலர் கறுப்பினக் குழந்தைகளும் இலத்தீன் அமெரிக்க வழிவந்த குழந்தைகளும் ஆவர்.

பயன் என்ன? ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர் 2023-இல் வெளியிட்ட கணக்கின்படி, பல பள்ளிகளை ஒருங்கே நடத்தும் அமைப்புகளின் மாணவர், ஒப்புநோக்கத்தக்க அரசுப் பள்ளி மாணவரைவிட ஓராண்டில் வாசிப்பில் 27 நாள், கணக்கில் 23 நாள் கூடுதலாகக் கற்றதற்கு ஈடாக முன்னேறினர். அதே ஆய்வில், கணினி வழி மட்டுமே நடக்கும் சார்ட்டர் பள்ளிகளின் மாணவர் பெரிதும் பின்தங்கினர். பெயர் ஒன்றாயினும் பயன் ஒன்றன்று. 2016-இல் கறுப்பின மக்களின் மூத்த உரிமைச் சங்கமே, இப்பள்ளிகள் மேலும் பெருகுவதை நிறுத்தி வைக்கக் கோரியது. பொதுப் பள்ளிகளுக்கு உரிய பணம் குறையக் கூடாது. கற்கத் திணறும் பிள்ளைகளைப் பள்ளிகள் வெளியேற்றக் கூடாது. கணக்கு வெளிப்படையாக வேண்டும் என்பன அச்சங்கத்தின் நிபந்தனைகள். தம் குழந்தைகள் அங்கே பயில்கின்றனர் என்பதற்காக அவர்கள் கேள்வியைக் கைவிடவில்லை. அவ்வுறுதியை நாம் மதிக்க வேண்டும்.

ஆகவே, தேர்ச்சி விழுக்காட்டை மட்டும் கண்டு ஒரு பள்ளியை மெச்சாதீர்கள். தேர்வுக்கு முன் எத்தனை பிள்ளைகள் நின்றுவிட்டனர் என்று கேளுங்கள். ஆறாம் வகுப்பில் சேர்ந்தவருள் எத்தனை பேர் பன்னிரண்டாம் வகுப்பைக் கண்டனர்? அறுவடைத் திங்களில் வருகை எவ்வளவு? பெண் குழந்தைகள் எத்தனை பேர்? இவற்றுக்கு விடை சொல்லும் பதிவேடே உண்மையான பதிவேடு.

நிர்வாகம் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு நெடுந்தொலைவு போக வேண்டா. கும்பகோணத்தில் 2004 சூலை 16 அன்று, ஒரே கட்டடத்தில் பல பள்ளிகள் நடந்த இடத்தில், சமையற்கூடத்தில் பற்றிய தீ கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைக் கொன்றது. வழி குறுகல், கூரை ஓலை, கண்காணிப்பு பெயரளவில். பள்ளியை விரிவாக்குவதற்கு முன் அதன் படிக்கட்டை அளக்க வேண்டும் என்பதை அப்பிஞ்சுகள் நமக்கு உணர்த்திச் சென்றனர்.

என் வாழ்விலும் ஒரு நிகழ்ச்சி உண்டு. ஆசிரியர் பயிற்சி முடித்து, உதவி பெறும் பள்ளி ஒன்றில் பணி கேட்டுச் சென்றேன். அரசு ஊதியம் தரும் பணியிடம் அது. ஆயினும் ‘கட்டட நிதி’ என்று ஒரு தொகை கேட்டார்கள். என் தந்தையார் இரண்டு ஆடுகளையும் பாட்டி வைத்திருந்த பித்தளை அண்டாவையும் விற்றார். அப்போதும் தொகை நிறையவில்லை. பணி வேறொருவருக்குச் சென்றது. அப்பள்ளியில் எந்தக் கட்டடமும் எழவில்லை. நம் கழகம் பள்ளி தொடங்கி, நம் பிள்ளை ஒருவனிடம் நம் கையே அவ்வாறு நீளுமானால், இந்த இருபத்தைந்து ஆண்டும் வீண்.

இவ்வளவும் சொல்வது இளைஞர்களின் ஊக்கத்தைக் குறைப்பதற்கன்று. அரசு செய்ய வேண்டியதை அரசு செய்தே தீர வேண்டும். ஆங்கிலேயர் காலத்துத் தொழிலாளர் துறைப் பள்ளிகளாகத் தொடங்கி வளர்ந்த ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்டவை. அவற்றைப் பள்ளிக் கல்வித் துறையோடு இணைப்பதாக 2023-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அறிவிப்பு வந்தபோது, நம்மவரிடையே இரு கருத்துகள் எழுந்தன. தனித்து நிற்பதால் தாழ்வு என்றனர் சிலர். இணைந்தால் நம் உரிமையும் நிதியும் கரையும் என்றனர் சிலர். எத்துறையின் கீழ் இருந்தாலும் ஆசிரியர் இருக்கிறாரா, கழிப்பறையில் நீர் வருகிறதா என்று நாள்தோறும் கேட்பவர் யார் என்பதே என் கேள்வி.

அதற்குச் சட்டம் நமக்கு இடம் தந்திருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். நலிந்த பிரிவினரின் பெற்றோருக்கு உரிய பங்கு உண்டு. பள்ளியை மேற்பார்ப்பதும், அதன் வளர்ச்சித் திட்டத்தை வகுப்பதும், நிதி செலவாகும் முறையைக் கவனிப்பதும் அக்குழுவின் பணி. புதுப் பள்ளி கட்டாமலேயே பல பள்ளிகளின் மேலாண்மையில் நாம் அமர முடியும். ஆனால் நம் தெருத் தாய்மார்களில் எத்தனை பேர் அக்குழுவின் கூட்டத்தில் வாய் திறந்து பேசுகிறார்கள்?

எனவே, தீர்மானம் கொண்டு வந்த தம்பிமார்களே, தங்கைமார்களே, என் யோசனை இதுதான். முதல் மூன்றாண்டு, நம்மைச் சுற்றியுள்ள அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுக்களில் நம் பெற்றோரை அமர்த்தி, கேள்வி கேட்கப் பயிற்சி அளியுங்கள். நடவும் அறுவடையும் நடக்கும் திங்கள்களில் வீடுதோறும் சென்று பிள்ளைகளை அழையுங்கள். மாலை வகுப்பை அப்போது இருமடங்காக்குங்கள். ஒவ்வொரு வீட்டிலும் பிடி அரிசிக் கலயம் வையுங்கள். அறுவடையில் இயன்ற நெல் பெறுங்கள். அக்கணக்கைத் திங்கள்தோறும் தெரு முனையில் எழுதி ஒட்டுங்கள். மூன்றாண்டுக்குப் பின், இடைநின்ற பிள்ளைகள் குறைந்தார்கள் என்று பதிவேடு காட்டுமானால், கணக்கில் ஒரு படி அரிசியும் குறையவில்லை என்று தாய்மார்கள் சொல்வார்களானால், அன்று பள்ளி தொடங்குவோம். கட்டணம் வாங்காத பள்ளியாகத் தொடங்குவோம். முதல் செங்கல்லுக்கு என் ஓய்வூதியத்தில் ஒரு திங்கள் தொகையை இப்பொழுதே எழுதி வைக்கிறேன்.

வாய்க்காலைத் தாண்டி வந்து என்னை அழைத்த அந்த ஆசிரியருக்குக் கழகம் இல்லை, கட்டடம் இல்லை, நன்கொடை இல்லை. எந்தப் பிள்ளை இன்று வரவில்லை என்பது மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது. நாளைக் காலையில் நம் தெருக்களில் எந்தப் பிள்ளை பள்ளிக்குச் செல்லவில்லை என்பதை நீங்களும் அறிந்துகொள்ளுங்கள், அங்கிருந்து தொடங்குவோம்.