சென். அன்ட்ரூஸின் பழைய திடல்

ஸ்கொட்லாந்தின் கீழைக் கரையிலுள்ள சென். அன்ட்ரூஸ் நகருக்குக் கொல்ஃப் ஆடப் புறப்படுபவர், அங்குள்ள 'பழைய திடல்' செல்வர் கழகமொன்றின் உடைமையன்று என்பதை முதலில் அறிதல் வேண்டும். அது பொதுநிலம். அம்மணற் புற்றரையிலே முயல் வளர்க்கும் உரிமையைப் பேராயர் ஹமில்டன் பெற்ற 1552 ஆம் ஆண்டுப் பட்டயமே, ஊரார் அங்கு விளையாடும் உரிமையையும் உறுதிசெய்தது. முயல்கள் புல்லை எவ்வளவு கெடுத்தனவோ, உரிமை கெடவில்லை! 1974 ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி அமைந்த நம்பிக்கைப் பொறுப்பு மன்றம் இன்று அதனைப் பேணுகின்றது.

முன்பதிவு பெறாதோர் இரு நாட்களுக்கு முன்னர்ப் பெயர் கொடுத்துச் சீட்டுக் குலுக்கலை எதிர்பார்த்திருத்தல் வேண்டும். கடல் கடந்து வந்தவரின் பெயரும் விழாது போகலாம். ஆதலின் ஒரே நாளை நம்பிச் செல்லுதல் பேதைமை. மூன்று நான்கு நாட்களாவது தங்குதல் நன்று. ஆட்டத் தகைமைக்குரிய சான்றிதழையும் மறவாது கொண்டுசெல்க. காற்றைத் தாங்கும் மேலங்கியும் வேண்டும்.

தங்கும் நாட்களுள் ஞாயிறும் அமைவது நலம். பெரும்போட்டிக் காலம் நீங்கலாக, அன்று ஆட்டமில்லை. நாயுடன் நடப்போரும் சிறுவரும் திடலெங்கும் உலாவுவர். சீட்டு விழாதவரும் ஸ்வில்கன் ஓடையின் சிறு கற்பாலத்தில் ஏறி நின்று பதினெட்டாங் குழியை நோக்கலாம், கட்டணம் கேட்பாரில்லை.