நீளம் கால் பங்கு, எடை இரு மடங்கு



சோழபுரத்துக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றும். சோழபுரம் இருக்கும் விருதுநகர் மாவட்டத்துக்குக் கடற்கரையே கிடையாது. ஆனால் 1985 வரை ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம், மண்டபம், இராமேசுவரம் எல்லாம் ஒரே இராமநாதபுரம் மாவட்டம்தான். மாவட்டம் பிரிந்தது, மீன் வரத்து நிற்கவில்லை. கரையில் ஏலம் போன அயிலையும் சாளையும் ஐஸ் பெட்டியில் ஏறி நம் ஊர்ப் பக்கம் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

மீன் வாங்கப் போனால் செவுளைத் தூக்கிப் பார்ப்போம், கிலோ என்ன விலை என்று கேட்போம். மீனின் நீளத்தை யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்று சொல்லத்தான் வந்தேன்.

பத்து செ.மீ. நீளமுள்ள அயிலை ஏறக்குறைய 10 கிராம் இருக்கும். அதுவே 20 செ.மீ. ஆனால்? 20 கிராம் என்று வாய் சொல்லிவிடும். தராசு 80 கிராமுக்கு மேல் காட்டும். மீன் வளரும்போது வால் பக்கம் மட்டும் நீளுவதில்லை. முதுகு உயர்கிறது, வயிறும் தடிக்கிறது. ஒரு செங்கல்லை நீளம், அகலம், உயரம் மூன்றிலும் இரட்டிப்பாக்க எட்டுச் செங்கல் வேண்டுமல்லவா, அந்தக் கணக்குத்தான் இது. எடை நீளத்தின் மும்மடிப் பெருக்கத்தை ஒட்டி ஏறுகிறது.

ஒட்டி என்றுதான் சொன்னேன். மீன் செங்கல் இல்லை. சில இனங்களில் அந்த அடுக்கு மூன்றைத் தாண்டும். அவை வளர வளரக் கொழுக்கும். சிலவற்றில் மூன்றுக்குக் கீழே நிற்கும். அவை வளர வளர மெலிவாகும். பொதுவாக இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில் அமைகிறது. உடல்வாகும் சேர்ந்துகொள்ளும். ஒரே நீளத்தில் ஒரு வாளையையும் ஒரு வவ்வாலையும் நிறுத்துப் பாருங்கள், எடையில் வாளை பக்கத்தில்கூட வர முடியாது. அதனால் ஒவ்வொரு இனத்துக்கும் தனிக்கணக்கு போட வேண்டியிருக்கிறது.

அந்தக் கணக்கைப் போடும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947இல் தொடங்கியது. 1971இல் கொச்சிக்கு மாறும்வரை பல ஆண்டுகள் அதன் தலைமையிடம் மண்டபம் முகாம். இன்றும் அங்கே மையம் இருக்கிறது, தூத்துக்குடியிலும் இருக்கிறது. அதன் ஆய்வாளர்கள் மீன் இறங்குதளத்தில் அளவுப் பலகையோடு நிற்பார்கள். படகு வந்ததும் ஏலம் தொடங்கிவிடும். வியாபாரி காத்திருப்பாரா? ஒவ்வொரு மீனாக எடை போட நேரமில்லை. நீளத்தை அளந்து குறித்துக்கொண்டால் எடையைக் கணக்கால் வருவித்துவிடலாம்.

இதே கணக்கு மீனின் உடல்நலத்தையும் சொல்லும். இந்த நீளத்துக்கு இவ்வளவு எடை இருக்க வேண்டும் என்று தெரிந்தால், குறைந்தது எது, கூடியது எது என்று பார்க்கலாம். சினை பிடித்த மீன் கூடுதலாகக் கனக்கும், முட்டையிட்ட பிறகு இளைத்துப்போகும். இரை குறைந்த பருவத்திலும் அப்படித்தான். 1951இல் இங்கிலாந்தின் விண்டர்மியர் ஏரி மீன்களை வைத்து இதைப் பற்றி லெ கிரன் என்ற ஆய்வாளர் எழுதிய கட்டுரையை, இந்தத் துறையில் இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள்.

இதில் நம் பைக்கு வேலை வைக்கும் இடம் ஒன்று உண்டு. 12 செ.மீ. குட்டி மீன் 15 செ.மீ. ஆகிறது என்று வையுங்கள். நீளம் கால் பங்குதான் கூடியது. எடையோ கிட்டத்தட்ட இரு மடங்கு! அந்த மூன்று செ.மீ. வளரவிடாமல் சிறு கண் வலை மடியில் வாரிக்கொண்டு வந்தால், கரையில் அது சங்காயம். கோழித்தீவனத்துக்கும் மீன்தூளுக்கும் அடிமாட்டு விலையில் போகும். ஒரு முறைகூட முட்டையிடாத மீன் அது. மீனவருக்கும் நட்டம், நமக்கும் நட்டம்.

விட்டுவைத்த குட்டியெல்லாம் பிழைத்துவிடாது என்பதும் உண்மை. பெரிய மீன் தின்னும், வேறு வலையில் மாட்டும். அந்த இழப்பையும் கழித்துத்தான் எந்த அளவில் பிடிப்பது இலாபம் என்று கணிக்கிறார்கள். கேரளம் இதைச் சட்டமாக்கியே விட்டது: மத்தி, அதாவது நம் சாளை, 10 செ.மீ.க்குக் குறைந்தால் பிடிக்கக் கூடாது. அயிலைக்கு 14 செ.மீ. நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. நல்ல ஏற்பாடுதான். ஆனால் தடைக்காலம் முடிந்த மறுநாளே குட்டிகளை வாரினால், காத்திருந்ததில் பாதிப் பயன் போய்விடும் என்பது என் கருத்து.

சின்ன மீன் எல்லாமே குட்டி என்று பயந்துவிடாதீர்கள். நெத்திலியும் காரலும் பிறவியிலேயே சிறியவை, தாராளமாக வாங்கலாம். பார்க்க வேண்டியது அயிலை, சாளை, சீலா, பாறை போன்றவற்றைத்தான். பிள்ளைகளின் ஜியோமெட்ரி பாக்ஸில் இருக்கும் சின்ன ஸ்கேல் 15 செ.மீ. அதைவிடக் குட்டையான அயிலையைக் கூறு கட்டி மலிவாகத் தந்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். வாங்க ஆள் இல்லாத மீனை ஐஸ் போட்டு இவ்வளவு தூரம் யாரும் ஏற்றி வரமாட்டார்கள்.