காற்றாலையும் பட்டாவும்



ஞாயிறும் காற்றும் எவருக்கும் உடைமை அல்ல. எனவே அவை தரும் மின்சாரம் ஏழைக்கும் செல்வர்க்கும் ஒருங்கே பயன்படும் என்பர். கதிரவன் சேரியிலும் ஊரிலும் ஒரே அளவில்தான் காய்கிறான். ஆயினும் சூரியத் தகட்டை வைக்கக் கூரை வேண்டும். காற்றாலையை நிறுத்தத் தரை வேண்டும். அவை எவருடையவை என்பதே வினா.

டென்மார்க் நாட்டின் தலைநகராகிய கோபன்ஹேகனுக்கு அருகே கடலில் 2000-ஆம் ஆண்டு 20 காற்றாலைகள் நிறுவப்பட்டன. மொத்தத் திறன் 40 மெகாவாட். அவற்றுள் பாதி, எண்ணாயிரத்துக்கு மேற்பட்ட மக்கள் பங்கு செலுத்திய கூட்டுறவுக்கு உரியது. அவர்களும் கையில் சிறிது பணம் உள்ளவர்களே. எனினும் ஆலை முதலாளிகள் அல்லர்.

நம் ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் காற்றுக்குக் குறைவில்லை. முப்பந்தலில் காற்றாலைகள் பெருகிய 1990-களில், முதலீடு முழுவதையும் முதலாண்டிலேயே தேய்மானமாகக் கழித்து வருமான வரியைக் குறைத்துக்கொள்ள அரசு இடமளித்தது. வரி செலுத்துமளவுக்கு இலாபம் உடையோருக்கே அச்சலுகை பயன்பட்டது. நூற்பாலைகள் முன்வந்தன, தமக்கு வேண்டிய மின்சாரத்தைத் தாமே ஆக்கிக்கொண்டன. நிலம் விற்றவர் விலை பெற்றார். அந்நிலத்தில் கூலிக்கு உழைத்தவர் பெற்றது என்ன? கிரயப் பத்திரத்தில் அவர் பெயருக்கு இடமே இல்லை. சிலருக்குக் காவலாள் வேலை கிடைத்திருக்கலாம். அதனை வளர்ச்சி என்று கூற எனக்கு மனம் வரவில்லை.

2019-இல் தொடங்கிய குசும் திட்டம் சூரிய பம்புசெட்டுக்கு மானியம் தந்தது. ஆதிதிராவிடச் சிறு, குறு விவசாயிகளுக்குத் தமிழக அரசு கூடுதல் மானியமும் அறிவித்தது. நன்றே! ஆனால் கிணறும் நிலமும் இல்லாத கூலிக்காரர் அந்த பம்புசெட்டை எங்கே பொருத்துவார்? 2024-இல் வந்த வீட்டுக் கூரைத் திட்டத்தில் மானியம் 78,000 ரூபாய் வரை உண்டு. புறம்போக்கில் ஓலை வேய்ந்து வாழ்பவருக்குத் தகட்டைத் தாங்கும் கூரை ஏது?

1892-ஆம் ஆண்டு ஆணையின் வழி நம் முன்னோருக்கு வழங்கப்பட்ட பஞ்சமி நிலங்கள் பல, நிபந்தனைக்கு மாறாகப் பிறர் கைக்குச் சென்றன. தரிசு என்று ஒதுக்கிய மண்ணையும் இன்று சூரிய மின் நிலையத்திற்காகக் குத்தகைக்குக் கேட்கின்றனர். குத்தகைப் பணம் பட்டாவில் பெயர் உள்ளவருக்கே சேரும். ஆதலின் படித்த இளைஞர்கள் தத்தம் ஊரின் அ-பதிவேட்டைப் பார்த்து, பஞ்சமி நிலங்களின் புல எண்களை எழுதி, அடுத்த பொதுக்குழுவுக்குக் கொண்டுவருமாறு வேண்டுகிறேன். தரகர் வந்து கேட்கும் முன் அப்பட்டியல் நம் சங்கத்தின் கையில் இருத்தல் வேண்டும்.